கூடத்துக்குள் ஒரு கிரேன்

பூமிநாதன்: பீச்சாங்கைப் பக்கம் பாத்தாலும் கடலு, சோத்தாங்கைப் பக்கம் பாத்தாலும் கடலு. நான் எந்தப் பக்கந்தான் போறது?

அஸ்பியா: ரெண்டு பக்கமும் வேணாண்ணே. நேரா. கிரேன் மேல பாலம் மாதிரி ஒண்ணு தெரியுதுல்ல, அதுமேலயே நடங்க. அந்தக் கடைசியில டிரைவர் ரூம் இருக்கு.

ராமலெட்சுமி: நேரா போகாதீங்க. நேரா கொடம் இருக்கு.

பூமிநாதன்: கடலுக்கு நடுவுல ஏது புள்ள கொடம்?

ராமலெட்சுமி: கடலு உங்க கண்ணுல மாட்டியிருக்கிற பொட்டிக்குள்ள. கொடம் நம்ம வீட்டுக் கூடத்துல.

அஸ்பியா: அக்கா, அதுக்குத்தான உங்கள காவலுக்கு நிக்கச் சொன்னேன். அண்ணனுக்கு இப்ப துறைமுகம் மட்டுந்தான் தெரியும். வீடு தெரியாது. வழியில கெடக்குற சாமானெல்லாம் நீங்கதான் நகத்தணும்.

ராமலெட்சுமி: நகத்தினேன்மா. நகத்தித்தான் அங்கன வச்சேன்.

அஸ்பியா: எங்கேருந்து?

ராமலெட்சுமி: அடுப்படியிலேருந்து.

அஸ்பியா: அடுப்படியில இருந்தத எதுக்குக்கா கூடத்துக்குக் கொண்டாந்தீங்க?

ராமலெட்சுமி: அவருக்குத் தாகம் எடுக்குமேன்னு…

பூமிநாதன்: நாலு பனைமரத்த ஒண்ணு மேல ஒண்ணு நட்ட ஒசரத்துல நான் நிக்கிறேன். ரெண்டு பேரும் கொடத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க.

அஸ்பியா: பயப்படாதீங்கண்ணே. நீங்க தரையிலதான் நிக்கிறீங்க.

பூமிநாதன்: அது காலுக்குத் தெரியுது ஆத்தா. வயித்துக்குத் தெரியல.

அஸ்பியா: யா அல்லா, வயிறா… எங்க டிரெய்னிங் சென்டர்ல பண்ணுன மாதிரி இங்கனயும் பண்ணிராதீங்க. இந்த ஹெட்செட் ஒண்ணுதான் எங்ககிட்ட மிச்சம்.

ராமலெட்சுமி: சென்டர்ல என்ன பண்ணுனாரு?

பூமிநாதன்: ஒண்ணும் பண்ணல.

அஸ்பியா: வாந்தி எடுத்தாருக்கா. ஹெட்செட்டக் கழட்டாமயே.

ராமலெட்சுமி: அடப்பாவி மனுசா… என்கிட்ட சட்டையில டீ கொட்டிருச்சுன்னுல்ல சொன்னீங்க. நானும் துவைக்கையில நெனச்சேன், எந்தக் கடையில இட்லி போட்டு டீ குடுக்குறாங்கன்னு.

அஸ்பியா: அதனாலதான் எங்க மேனேஜர், பழகுன எடம்னா தலை சுத்தாது, வீட்டுலயே வச்சு டெஸ்ட் எடுத்துட்டு வான்னு என்னை அனுப்புனாரு. கீழக்கரையிலேருந்து இந்தப் பொட்டியையும் லேப்டாப்பையும் மடியில வச்சுக்கிட்டு சிக்கல் வரைக்கும் வந்திருக்கேன். அண்ணே, நடங்க. இன்னைக்கு ரிசல்ட்ட கம்பெனிக்கு அனுப்பியாகணும்.

ராமலெட்சுமி: அனுப்பலன்னா?

அஸ்பியா: பாஸ்னா அடுத்த வாரம் ஓமனுக்கு பிளைட்டு. பெயில்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.

ராமலெட்சுமி: பெயிலெல்லாம் ஆக மாட்டாரு. எங்க சேதுபதி அண்ணன் அந்தத் துறைமுகத்துலதான் போர்மேனா இருக்கு. தங்கச்சி வீட்டுக்காரருக்குன்னு யாரு யாரு கையையோ புடிச்சு வாங்குன எடம். ரெண்டு வருசம் அங்கன இருந்துட்டு வரட்டும்னு நானும் ஊரு பூராம் சொல்லிட்டேன். சூட்கேசுகூட வாங்கியாச்சு. நீலக் கலரு.

பூமிநாதன்: வாங்கியாந்து கூடத்து நடுவுல வச்சிருக்கா. நேத்து வெறுங் கண்ணோட நடந்தே அதுல இடிச்சேன்.

அஸ்பியா: நடுவுல எதுக்குக்கா?

ராமலெட்சுமி: வர்றவங்க போறவங்க பாக்கணும்ல. இப்ப ஓரத்துலதான் இருக்கு… ஓரமாட்டம்.

அஸ்பியா: சரி. நடங்கண்ணே. கம்பியப் புடிச்சுக்கிட்டு மெதுவா.

பூமிநாதன்: கம்பி கையில அம்புட மாட்டேங்குது.

அஸ்பியா: அம்புடாது. அது படம்.

பூமிநாதன்: அப்ப எதுக்குப் புடிக்கச் சொல்ற?

அஸ்பியா: கைப்பிடிய விட்டு நடந்தா மார்க்கக் கொறைக்கும்ணே. புடிச்ச மாதிரி கைய வச்சுக்கங்க, போதும்.

பூமிநாதன்: இல்லாத கம்பியப் புடிக்கணும், இருக்கிற கொடத்துல இடிக்கக் கூடாது. நல்ல உத்தியோகம்… இந்தா, காலுக்குக் கீழ என்னமோ உரசுது. மீனா?

ராமலெட்சுமி: கோழி.

பூமிநாதன்: அம்புட்டு ஒசரத்துக்குக் கோழி வந்துருச்சா.

ராமலெட்சுமி: சூ… சூ… அங்கிட்டுப் போ. உங்களச் சொல்லல, கோழியச் சொன்னேன். நீங்க இப்படிக்கா வாங்க.

பூமிநாதன்: இப்படிக்கான்னா எப்படிக்கா?

ராமலெட்சுமி: சோத்தாங்கைப் பக்கம். இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம்…

அஸ்பியா: அக்கா, அந்தப் பக்கந்தான கொடம்…

பூமிநாதன்: அய்யோ. என்னமோ உருளுது. கால் நனைஞ்சுருச்சு. கடலுக்குள்ள விழுந்துட்டேனா?

அஸ்பியா: விழுகலண்ணே. கொடம் விழுந்துருச்சு. நில்லுங்க, அப்படியே நில்லுங்க. அக்கா, தண்ணி மிளகாப் பக்கம் ஓடுது பாருங்க.

ராமலெட்சுமி: ஏங்க, மிளகா. மிளகா நனையுது.

பூமிநாதன்: சாக்கப் போடு புள்ள. அந்த மூலைச் சாக்க எடுத்துக் கரை கட்டு. பாத்துக்கிட்டே நிக்கிற.

அஸ்பியா: அண்ணே, உங்களுக்கு வெளிய தெரியுதா?

பூமிநாதன்: இல்ல ஆத்தா. என் வீட்டுல சாக்கு எந்த மூலையில இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

அஸ்பியா: எதுக்குக்கா இந்த மிளகாய கூடம் பூராம் விரிச்சு வச்சிருக்கீங்க? வந்ததிலேருந்து தும்மிக்கிட்டே இருக்கேன். நடக்குறதுக்கு ஒரு பாய் அகலந்தான் எடம் இருக்கு.

ராமலெட்சுமி: என்னம்மா செய்ய, வானம் மூடிக்கிட்டு நிக்குது. களத்துல காஞ்சதப் பூராம் காலையிலதான் அள்ளிக்கிட்டு ஓடியாந்தோம். குமிச்சு வச்சா பூசணம் புடிச்சுரும். போன வருசமும் இப்படித்தான், பறிக்கிற நேரத்துல மழை பேஞ்சு எல்லாம் வெளுத்துப் போச்சு. அதுக்கு முந்துன வருசமும் அதே கதைதான். அப்பறந்தான் எங்க அண்ணன் போனப் போட்டு, கிரேனுக்கு வாங்க மாப்பிள்ளைன்னுச்சு.

அஸ்பியா: அண்ணன் உடனே சரின்னுட்டாங்களா?

பூமிநாதன்: மச்சான் கேட்டா வேற என்னத்தச் சொல்றது.

ராமலெட்சுமி: துள்ளிக் குதிச்சாரும்மா.

பூமிநாதன்: நானா?

ராமலெட்சுமி: பின்ன… முகமெல்லாம் சிரிப்பு.

அஸ்பியா: சரி, கேளுங்க. சாமான்ல இடிச்சுத் தடுமாறுனா இந்த மிஷின் காமிச்சுக் குடுத்துரும். பாதுகாப்புக்குத்தான் மொத மார்க்கு. மொத்தம் மூணு தடவதான் விடும். ஒண்ணு போச்சு. திரும்பக் கீழேருந்து ஆரம்பிப்போம். ஏணி தெரியுதா?

பூமிநாதன்: தெரியுது.

அஸ்பியா: ஏறுங்க. நின்ன எடத்துலயே காலத் தூக்கித் தூக்கி வைங்க, அது ஏறுறதா எடுத்துக்கும்… அண்ணே, என்ன பண்றீங்க? எதுக்குக் குனியிறீங்க?

பூமிநாதன்: ஏறப் போறேன்ல. தொட்டுக் கும்பிடுறேன்.

அஸ்பியா: எதத் தொட்டு?

பூமிநாதன்: கிரேனத்தான்.

அஸ்பியா: அங்கன கிரேனே இல்லண்ணே. நீங்க தொட்டுக் கும்பிட்டது வாசப்படியில நான் கழட்டிப் போட்ட செருப்பு.

ராமலெட்சுமி: அது என்ன கத்துது?

அஸ்பியா: லேப்டாப்புக்கா. டிரைவர் மயங்கி விழுந்துட்டாரு, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கன்னு சொல்லுது. தலை அம்புட்டுக் கீழ போனா விழுந்துட்டாருன்னுதான் அது எடுத்துக்கும்.

பூமிநாதன்: கும்பிடு போடுறதுக்கும் கீழ விழுகுறதுக்கும் வித்தியாசம் தெரியாத மிஷினா இருக்கு.

ராமலெட்சுமி: அவரக் குத்தம் சொல்லாத அஸ்பியா. எந்த வண்டியா இருந்தாலும் தொட்டுக் கும்பிடாம ஏற மாட்டாரு. அப்படி ஒரு பக்தி.

அஸ்பியா: பக்தி இருக்கட்டுங்க்கா, நானும் பிஸ்மி சொல்லித்தான் லேப்டாப்பத் தொறக்குறேன். மனசுக்குள்ள கும்பிட்டா ஆகாதா? ரெண்டு தடவ போச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. நான் சேந்ததிலேருந்து ஒரு ஆளக்கூட வெளிநாட்டுக்கு அனுப்பல அண்ணே. நீங்கதான் மொத ஆளுன்னு எங்க உம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.

பூமிநாதன்: அதுக்கு ஏன் குரலு ஒரு மாதிரி ஆகுது… அழுகுறியா ஆத்தா?

அஸ்பியா: தும்மல் வருது. இந்த ஃபேன யாரு போட்டது? மிளகாத் தூசி பூராம் பறக்குது.

ராமலெட்சுமி: நாந்தாம்மா. கடல்னா காத்து அடிக்கணும்ல, அவருக்கு ஒரு இதுவா இருக்கட்டும்னு… ஹச்.

பூமிநாதன்: ஹச்… கப்பல்ல மிளகாதான் ஏத்தியிருக்காங்க போல.

அஸ்பியா: அமத்துங்கக்கா. ஹச்… அமத்துங்க.

ராமலெட்சுமி: அமத்திட்டேன். ஏங்க… நல்லா பண்ணிருங்க. எங்க அண்ணன் அங்கன போனக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கும். ஊருல நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்களும் இம்புட்டு நாளாப் பஸ்ஸுல போயிப் போயிக் கத்துக்கிட்டீங்க. அது வீணாப் போகக் கூடாதுல்ல.

பூமிநாதன்: நெசமாத்தான் சொல்றியா?

ராமலெட்சுமி: இதுல என்ன பொய்யி?

பூமிநாதன்: நான் போகணுமா?

ராமலெட்சுமி: என்ன கேள்வி இது, பொட்டியக் கண்ணுல மாட்டிக்கிட்டு… போகத்தான வேணும்.

பூமிநாதன்: சரி. ஆத்தா அஸ்பியா, போடு. இந்தத் தடவ ஒழுங்காப் பண்றேன்.

அஸ்பியா: பிஸ்மில்லா. ஏணி… ஏறுங்க. ஆமா. ஆமா. அப்படித்தான். குனியல, நல்லது. இப்ப பாலம். நேரா… அட, நேராப் போறீங்களேண்ணே. கம்பியில கை… சூப்பர். அக்கா, பாத்தீங்களா?

ராமலெட்சுமி: பாக்குறேன்.

அஸ்பியா: அந்தப் பிளாஸ்டிக் சேருதான் டிரைவர் சீட்டு. பின்னாடி கையால தடவிப் பாத்துட்டு ஒக்காருங்க. ஒக்காந்தாச்சா… இந்தாங்க, இந்த ரெண்டு பிடியையும் கையில புடிங்க, இதுதான் லீவரு. கப்பல்ல ஒரு செவப்புப் பொட்டி தெரியுதா? அதத் தூக்கி, கரையில நிக்கிற லாரி மேல வைக்கணும்.

பூமிநாதன்: இது டிராக்டர் ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்குற மாதிரிதான. அது ஒரு பக்கம் இழுத்தா நாம இன்னொரு பக்கம் இழுக்கணும்.

அஸ்பியா: ஆட்டம் வருது… ஆட்டம் வருது…

பூமிநாதன்: வரட்டும். அதுவா நிக்கும், பொறு. ம்… நின்னுச்சா? இப்ப எறக்குறேன்.

அஸ்பியா: அண்ணே…

பூமிநாதன்: பேசாத.

அஸ்பியா: மாஷா அல்லா. லாரியில வெண்ணெய வச்ச மாதிரி வச்சுட்டீங்க. ஒரு மார்க்குகூடக் கொறைக்கல. எங்க சென்டர்ல படிச்ச பயலுக ஒருத்தனும் இப்படி வச்சதில்ல. இம்புட்டு நாளா எங்கண்ணே வச்சிருந்தீங்க இந்தக் கைய?

பூமிநாதன்: கையி… அதுபாட்டுக்குப் பண்ணிருச்சு.

ராமலெட்சுமி: அப்படின்னா?

அஸ்பியா: பாஸுதாங்க்கா. எந்திரிச்சு, வந்த வழியே நடந்து எறங்கிட்டா முடிஞ்சுச்சு.

ராமலெட்சுமி: எறங்கிட்டா… அம்புட்டுத்தானா?

அஸ்பியா: அம்புட்டுத்தான். என்னக்கா, முகம் இப்படி ஆயிருச்சு? சந்தோசத்துலயா?

ராமலெட்சுமி: ஆமாம்மா. சந்தோசந்தான். நீ அந்த லேப்டாப்பப் பாரு, மார்க்கு கீர்க்கு தப்பா விழுந்துறப் போகுது. நல்லா உத்துப் பாரு.

அஸ்பியா: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எந்திரிங்கண்ணே. மெதுவாத் திரும்புங்க. நடங்க. வேகம் வேணாம். அக்கா, வழியில ஒண்ணும் இல்லையே?

ராமலெட்சுமி: ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு.

அஸ்பியா: ஏன்கா மூச்சு வாங்குது உங்களுக்கு?

ராமலெட்சுமி: படபடப்புமா.

அஸ்பியா: ஏண்ணே நின்னுட்டீங்க? அண்ணே. இன்னுங் கொஞ்ச தூரந்தான். நடங்க.

பூமிநாதன்: நடக்குறேன்… நடக்குறேன் ஆத்தா.

அஸ்பியா: அப்படித்தான், நேரா… என்ன சத்தம் அது? அண்ணே. அண்ணே, அடிபட்டுருச்சா?

பூமிநாதன்: முட்டியில லேசா. என்ன இடிச்சுச்சு?

அஸ்பியா: முக்காலி. முக்காலி எங்கேருந்துக்கா வந்துச்சு? நான் வந்தப்ப இந்த எடத்துல முக்காலியே இல்லையே.

ராமலெட்சுமி: அது அங்கனதான கெடந்துச்சு. ஏங்க, எந்திரிங்க, கையக் குடுங்க. இம்புட்டு தூரம் வந்துட்டுக் கடைசியில இப்படி ஆயிருச்சே. நான் எங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்.

பூமிநாதன்: என் நேரம் புள்ள. எல்லாம் என் நேரம்.

அஸ்பியா: மிஷினு பெயில்னு போட்டு, அதுவா கம்பெனிக்கும் அனுப்பிருச்சு. இனி நான் அழுதாலும் மாத்த முடியாது. ஒரு நிமிசத்துல… அம்புட்டு அழகா வச்ச கையி.

பூமிநாதன்: மனசுல வச்சுக்காத ஆத்தா. அடுத்த ஆளு யாரு?

அஸ்பியா: கமுதிக்காரரு ஒருத்தரு காத்திருக்காரு. எங்கேயாவது ஏறச் சொன்னாப் போதும், அவருக்கு உசுரு.

பூமிநாதன்: நல்லதாப் போச்சு. அவர அனுப்பு. உங்க உம்மாவுக்குச் சொன்ன சொல்லும் நிக்கும்.

ராமலெட்சுமி: இந்தா, வத்தல் ஒரு படி கட்டியிருக்கேன். உம்மாகிட்ட குடு. எம்மேல கோவமாம்மா?

அஸ்பியா: உங்க மேல எனக்கென்னக்கா கோவம்? நீங்க என்ன பண்ணுவீங்க… வாரேன். பஸ்ஸு வந்துருச்சு.

பூமிநாதன்: பாத்துப் போ ஆத்தா… ஏறிட்டாளா?

ராமலெட்சுமி: ஏறிட்டா. பஸ்ஸு திரும்பிருச்சு.

பூமிநாதன்: ம்.

ராமலெட்சுமி: வருத்தமா?

பூமிநாதன்: இருக்காதா பின்ன. உனக்கு?

ராமலெட்சுமி: எனக்குந்தான்.

பூமிநாதன்: சிரிக்கிற மாதிரி இருக்கு.

ராமலெட்சுமி: மிளகா நெடி.

பூமிநாதன்: நெடியில கண்ணுல தண்ணிதான வரும்.

ராமலெட்சுமி: எனக்கு இப்படித்தான் வரும். ஏங்க, ஒண்ணு கேக்கவா?

பூமிநாதன்: கேளு.

ராமலெட்சுமி: நம்ம டிராக்டர்ல ஏறையில என்னைக்காவது தொட்டுக் கும்பிட்டிருக்கீங்களா? எட்டி ஒதச்சு, ரெண்டு கெட்ட வார்த்தை பேசிட்டுல்ல ஏறுவீங்க.

பூமிநாதன்: கிரேனு புதுசுல்ல.

ராமலெட்சுமி: சரி, அது போகட்டும். கொடத்துல இடிச்சீங்க. முக்காலியில இடிச்சு விழுந்தீங்க. இந்தக் கூடம் பூராம் மிளகாதான் கெடக்கு. ஒரு மிளகாகூட நசுங்கல. விழுகையிலகூட, மிளகாப் பக்கம் போன கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு இந்தப் பக்கமா விழுந்தீங்க. நான் பாத்தேன்.

பூமிநாதன்: விளைஞ்சத மிதிக்க யாருக்குக் காலு வரும்?

ராமலெட்சுமி: காலு வராது, சரி. கண்ணு தெரியாதவருக்கு அது அங்கன கெடக்குன்னு எப்படித் தெரியும்?

பூமிநாதன்: மழை வர்ற மாதிரி இருக்கு புள்ள.

ராமலெட்சுமி: சொல்லுங்க.

பூமிநாதன்: அந்தப் பொட்டி மூக்குல சரியா ஒக்காராது புள்ள. கீழ ஒரு சந்து இருக்கு. தரை தெரியும்.

ராமலெட்சுமி: அப்ப அந்தக் கொடம்?

பூமிநாதன்: நானாத்தான் இடிச்சேன். கும்பிட்டதும் வேணும்னுதான்.

ராமலெட்சுமி: அய்யோ… போக இஷ்டமில்லைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? எங்க அண்ணன் கேட்டதும் சரி மச்சான், சரி மச்சான்னு தலைய ஆட்டுனீங்க. வெள்ளாமை போன கவலையில இங்கன இருக்கப் புடிக்காம கெளம்புறீங்கன்னுல்ல நான் நெனச்சேன். சந்தோசமாப் போகட்டும், நாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாதுன்னு ஊரு பூராம் சொன்னேன்.

பூமிநாதன்: நீ சூட்கேசத் தூக்கிட்டுப் பல்லெல்லாம் தெரிய வந்து நின்ன. நம்மள அனுப்புறதுல இவளுக்கு இம்புட்டு ஆசையான்னு எனக்கு வாயே எழும்பல.

ராமலெட்சுமி: அப்பறம் எதுக்கு அந்தச் செவப்புப் பொட்டிய அம்புட்டு ஒழுங்காத் தூக்கி லாரியில வச்சீங்க? எனக்கு உசுரே போயிருச்சு.

பூமிநாதன்: போகத்தான வேணும்னு சொன்னேல்ல. அந்தச் சொல்லுல வெறுத்துப் போயி, பாஸ் பண்ணிக் கெளம்பிருவோம்னுதான் தூக்குனேன்.

ராமலெட்சுமி: பாஸ் பண்ண நெனச்ச ஆளு, தரையும் தெரியுதுங்கிறீங்க… கடைசியில எதுக்கு முக்காலியில போயி இடிச்சீங்க?

பூமிநாதன்: நடந்துக்கிட்டே சந்து வழியாக் கீழ பாத்தேன் புள்ள. மெட்டி போட்ட ரெண்டு காலு, குதிகாலத் தூக்கிக்கிட்டு, சத்தங் காட்டாம முக்காலியக் கொண்டாந்து என் வழியில வச்சுட்டு ஓடுச்சு… அதப் பாத்ததுக்கு அப்பறமும் நான் எதுக்கு அதச் சுத்திப் போகணும்?